பெரிய திரையா, மெல்லிய திரையா?

ரியர் புரொஜெக்‌ஷன் டிவி என்பது ஒரு புரொஜெக்டரையும் அதன் திரையையும் ஒரே பெட்டிக்குள் வைத்து மூடிய கருவி. சினிமா கொட்டகையில் ஒளி திரையின் முன்பக்கம் விழுந்து, பார்ப்பவர் கண்ணுக்குத் திரும்பி வரும். இந்தப் பெட்டியில் ஒளி திரையின் பின்பக்கம் விழுந்து, அதை ஊடுருவி வெளியே வருகிறது. உள்ளே சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடி ஒளியின் பாதையை மடக்கிவிடுவதால், பல அடி தூரம் தேவைப்படும் வேலை ஒன்றரை அடி ஆழத்துக்குள் முடிந்துவிடுகிறது. எல்சிடி டிவியில் வீசுவதற்கு எதுவும் இல்லை. பார்ப்பவர் கண்முன் இருக்கும் தகடே படத்தை உருவாக்குகிறது. அதன் பின்னால் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டில் எதை வாங்குவது என்ற கேள்வி 2002 முதல் 2008 வரை வட அமெரிக்க வீடுகளில் தீவிரமாகக் கேட்கப்பட்டது. அங்கே கேட்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் புறநகர் வீடுகளின் குடும்ப அறை பெரியது. சோபாவிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். ஹெச்டி ஒளிபரப்பு பரவிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு முந்தைய வாரங்களில் பெரிய டிவிகளுக்குக் கடைகள் தள்ளுபடி அறிவிப்பது வழக்கமாகியிருந்தது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அறைகள் சிறியவை. புரொஜெக்‌ஷன் டிவி அங்கே பெரிதாகக் காலூன்றவே இல்லை.

மூன்று ட்யூப், ஒரு திரை

முதல் தலைமுறைப் புரொஜெக்‌ஷன் டிவிக்குள் மூன்று பிக்சர் ட்யூப்கள் இருந்தன. பெரும்பாலும் 7 அங்குல ட்யூப்கள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு லென்ஸ். ட்யூபின் முகப்புச் சூட்டைத் தணிக்க இடையில் ஒரு திரவம். மூன்று படங்களும் திரையில் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வெள்ளை எழுத்தின் ஒரு ஓரத்தில் சிவப்பும் மறு ஓரத்தில் நீலமும் கசியும். கன்வர்ஜென்ஸ் என்ற இந்தச் சீரமைப்பை அவ்வப்போது செய்துகொண்டே இருக்க வேண்டும். பெட்டியை வேறு திசை பார்க்கத் திருப்பி வைத்தாலே பூமியின் காந்தப்புலம் மின்கதிரைச் சற்றே நகர்த்திவிடும் என்பதால் இடம் மாற்றியதும் இது கெடும்.

எடை இன்னொரு தொல்லை. அறுபது அங்குலத்தை ஒட்டிய பெட்டிகள் நூறு கிலோவை எளிதாகத் தாண்டும். செய்திச் சேனலின் அடிவரியோ வீடியோ விளையாட்டின் மதிப்பெண் பெட்டியோ ஒரே இடத்தில் பல மணி நேரம் நின்றால், ட்யூபின் பாஸ்பரில் அந்தத் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். இத்தனை குறைகளுக்கும் நடுவே ஒரு பெரிய நிறை அந்தப் பெட்டிகளுக்கு இருந்தது. ட்யூபில் ஒளி எழாத இடம் உண்மையிலேயே இருட்டு. நள்ளிரவுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். 2000-களின் பெரும்பாலான எல்சிடி டிவிகளால் இதன் அருகில் வர முடியவில்லை.

விரல்நகம் அளவில் ஒரு சில்லு

ட்யூப்களை ஒழித்துப் பெட்டியை இளைக்க வைத்தது மைக்ரோடிஸ்பிளே என்ற குட்டித் திரைச் சில்லு. இதில் பெயர்பெற்றது டிஎல்பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய சில்லு இதன் மூலம். விரல்நகம் அளவுள்ள அந்தச் சில்லின் மேல் நுண்ணிய கண்ணாடிகள் வரிசையாக நிற்கின்றன. 1280-க்கு 720 புள்ளிகள் கொண்ட சில்லில் அவற்றின் எண்ணிக்கை 9,21,600. ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கீல் கொண்டு, ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்ந்தால் ஒளியைத் திரைக்கு அனுப்பும். மறுபக்கம் சாய்ந்தால் வெளியே கொட்டிவிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படிச் சாய்வதில், திரைப்பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் அந்தப் புள்ளியின் வெளிச்சம். இயந்திரப் பொறியியலில் இதைவிட அழகான வேலை வீட்டுக் கூடத்துக்குள் வந்தது அபூர்வம்.

கண்ணாடிக்கு நிறம் கிடையாது. ஆகவே விளக்குக்கும் சில்லுக்கும் இடையே சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு சக்கரம் வேகமாகச் சுழல்கிறது. நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, மூளை அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் முழுதாகச் சேர்வதில்லை. இருண்ட காட்சியில் வெள்ளை எழுத்தின் மீது கண் சட்டென ஓடும்போது அவர்களுக்கு வானவில் கீற்று ஒன்று தெறித்து மறையும். பலர் இதை ஆயுளுக்கும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்ப்பவர்களில் சிலருக்குத் தலைவலியே வரும். வீட்டில் எல்லோரையும் கடைக்கு அழைத்துச் சென்று பார்க்கச் சொல்லாமல் டிஎல்பி வாங்கக் கூடாது என்பது அந்நாளில் விவரம் தெரிந்தவர்கள் சொன்ன முதல் அறிவுரை.

2005 வாக்கில், 1920-க்கு 1080 புள்ளிகள் காட்டும் 1080பி டிஎல்பி டிவிகள் வந்தன. அவற்றில் பலவற்றின் சில்லில் பாதி எண்ணிக்கைக் கண்ணாடிகளே இருந்தன. படத்தை அரைப்புள்ளி தூரம் மிக வேகமாக அசைத்து, ஒவ்வொரு கண்ணாடியையும் இரண்டு புள்ளிகளின் வேலை செய்ய வைத்தார்கள். ஹியூலெட் பேக்கார்டு உருவாக்கிய இந்த உத்தி நடைமுறையில் நன்றாகவே வேலை செய்தது.

சோனி, ஹிட்டாச்சி, பானசோனிக் ஆகியவை மூன்று குட்டி எல்சிடி தகடுகளைப் பயன்படுத்தின. இதில் சக்கரம் இல்லை, வானவில் தொல்லை இல்லை. ஆனால் புள்ளிகளுக்கு இடையே கொசுவலை போல ஒரு கட்டம் அருகிலிருந்து தெரியும். விளக்கின் கடும் ஒளியில் ஆண்டுக்கணக்கில் வெந்து, நீல ஒளிக்கான பகுதி தளர்ந்து, படத்தில் மஞ்சள் திட்டுகள் விழுவதும் உண்டு. மூன்றாவது வகை, சிலிக்கான் மேல் திரவப் படிகத்தைப் பரப்பி ஒளியைத் திருப்பி அனுப்பும் எல்காஸ். ஜேவிசி அதற்கு ஹெச்டி-ஐஎல்ஏ என்றும், சோனி எஸ்எக்ஸ்ஆர்டி என்றும் பெயரிட்டன. கட்டம் தெரியாத வழவழப்பான படம் இதன் சிறப்பு. அந்தக் காலத்தில் சினிமா பார்ப்பதற்கு இதைவிட நல்ல டிவியை அந்த விலையில் காண்பது கடினம். தயாரிப்பதோ மிகக் கடினம்: எல்காஸ் சில்லுகளைக் கொண்டுவரப்போவதாக 2004 ஜனவரியில் அறிவித்த இன்டெல், அதே ஆண்டு முடிவதற்குள் திட்டத்தைக் கைவிட்டது.

தகட்டின் பலமும் பலவீனமும்

எல்சிடியின் வேர் பழையது. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைநிட்சர் திரவப் படிகத்தின் இயல்பை 1888-இல் கண்டறிந்தார். அமெரிக்காவின் ஆர்சிஏ 1968-இல் முதல் எல்சிடியை உலகுக்குக் காட்டியது. ஷார்ப் 1988-இல் 14 அங்குல வண்ணத் தகட்டை உருவாக்கியது. அது 40 அங்குலமாக வளர்ந்து சாதாரண வீட்டுக்குள் வர மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1080பி எல்சிடி தகட்டில் 1920-க்கு 1080 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறங்கள். மொத்தம் 62,20,800 துளைகள், ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். பின்னால் அந்நாளில் வெள்ளைக் குழல்விளக்குகள் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தன. பகல் வெளிச்சம் கொட்டும் அறையிலும் படம் மங்காமல் நிற்பது இதனால்தான். படம் கோணலாகாது, குவியம் பிசகாது, ஓரம் மங்காது. நடுவில் எவ்வளவு கூர்மையோ மூலையிலும் அவ்வளவு கூர்மை. மேஜை மேல் வைக்கலாம், சுவரில் மாட்டலாம்.

பலவீனமும் அந்த எரியும் விளக்கில்தான் இருந்தது. துளையை முழுதாக மூடினாலும் கொஞ்சம் ஒளி கசியும். விளக்கணைத்து சினிமா பார்க்கும் அறையில் 2006-ஆம் ஆண்டு எல்சிடியின் கறுப்பு கருஞ்சாம்பலாகத்தான் தெரிந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பல தகடுகளில் நிறம் வெளிறியது. வேகமான ஆட்டத்தில் பந்து இழுபட்டது. எல்சிடி ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அப்படியே பிடித்து நிறுத்துகிறது. நகரும் பொருளைப் பின்தொடரும் கண்ணுக்கு அது மழுங்கலாகத் தெரிகிறது. 2007-இல் பரவலான 120 ஹெர்ட்ஸ் டிவிகள் இதை ஓரளவு குறைத்தன. டிஎல்பிக்கு இந்த மழுங்கல் குறைவு என்பதால், விளையாட்டு ரசிகர்களில் விவரமறிந்தவர்கள் அதை விட்டு நகரவில்லை.

கூடத்தின் கணக்கு

வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் அளவு திரையின் அளவு அல்ல. உட்காரும் இடத்துக்கும் திரைக்கும் உள்ள தூரம். நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே காணும். 40 அங்குலத் திரையில் 1080பி புள்ளி ஒன்றின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்தப் புள்ளியைத் தனியே காண ஐந்தேகால் அடிக்குள் உட்கார வேண்டும். பத்தடி தள்ளி உட்கார்ந்தால், அகலவாக்கில் உள்ள 1920 புள்ளிகளில் ஏறக்குறைய பாதியளவு விவரம்தான் கண்ணுக்கு எட்டும். மீதிக்குக் கொடுத்த பணம் வீண். 56 அங்குலத் திரையில் அதே பத்தடியிலிருந்து சுமார் 1400 புள்ளிகளின் விவரம் தெரியும்.

2006-இல் ஒரு நல்ல 40 அங்குல 1080பி எல்சிடியின் விலைக்கு, அமெரிக்காவில் 56 அங்குல 1080பி டிஎல்பி கிடைத்தது. பரப்பில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு முந்தைய ஆண்டு ஷார்ப் கொண்டுவந்த 65 அங்குல எல்சிடியின் விலை 20,000 டாலருக்கு மேல். பத்தடி ஆழமுள்ள கூடம், மாலையில் வெளிச்சம் குறையும் வீடு, நேர் எதிரே சோபா என்றால், 2006-இல் சரியான தேர்வு புரொஜெக்‌ஷன் டிவிதான். படத்தின் பரப்பையும் விவரத்தையும் எடைபோட்டால் வேறு முடிவுக்கு இடமில்லை. சிறிய அறை, ஜன்னல் வெளிச்சம், நாலா பக்கமும் உட்கார்ந்து பார்க்கும் குடும்பம் என்றால் எல்சிடி.

ஆனால் மக்கள் வாங்கியது வேறு விதமாக இருந்தது. அதற்குக் கடையிலேயே ஒரு காரணம் இருந்தது.

புரொஜெக்‌ஷன் டிவியின் திரை இரண்டு பிளாஸ்டிக் தகடுகளால் ஆனது. உள்ளே இருப்பது ஃபிரெனல் லென்ஸ். சிதறிவரும் ஒளியை நேராக்குகிறது. வெளியே இருப்பது நெடுக்குவாக்கில் மெல்லிய வரிகள் கொண்ட லென்டிகுலர் தகடு. ஒளியை இடமும் வலமும் அகலமாகப் பரப்புகிறது. மேலும் கீழும் பரப்புவதில்லை, உட்கார்ந்திருப்பவர் கண்மட்டத்துக்கு ஒளியைச் சேமிப்பதற்காக. வீட்டில் இது சிக்கனம். கடையிலோ வாடிக்கையாளர் நின்றுகொண்டு பார்க்கிறார். தாழ்ந்த ஸ்டாண்டில் இருக்கும் பெட்டியை மேலிருந்து பார்க்கும்போது படம் மங்குகிறது. பக்கத்தில், கண்மட்டத்தில் மாட்டிய எல்சிடி, கடையின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே பளிச்சென்று ஒளிர்கிறது. அந்த இடத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் மட்டுமே இரண்டையும் நியாயமாக ஒப்பிட்டார்கள்.

விளக்கு என்ற செலவு

மைக்ரோடிஸ்பிளே டிவியின் உயிர் அதன் விளக்கு. பிலிப்ஸ் 1995-இல் கொண்டுவந்த யூஹெச்பி வகைப் பாதரச விளக்குதான் இந்தப் பெட்டிகளைச் சாத்தியமாக்கியது. உள்ளே மின்பொறி பாயும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். எரியும்போது உள்ளழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கை எட்டும். ஆயுள் 6000 மணி என்று எழுதியிருந்தால், தினம் ஐந்து மணி நேரம் பார்க்கும் வீட்டில் அது மூன்றேகால் ஆண்டு. குழந்தைகளும் முதியவர்களுமாக நாள் முழுக்க ஓடும் வீட்டில் அவ்வளவு தாங்காது. புது விளக்கு அப்போது 200 டாலரை ஒட்டிய செலவு. பொருத்துவது யாராலும் முடியும்: மின்சாரத்தை நிறுத்தி, ஆற விட்டு, பின்பக்கக் கதவைத் திறந்து, இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் விளக்கு அதன் கூட்டோடு வெளியே வரும். புதியதன் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெடிக்கக்கூடும்.

செலவைவிட மக்களுக்குச் சலிப்பூட்டியது இன்னொன்று. விளக்கு திடீரென்று சாவதற்கு முன் மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும். மெதுவாக மங்குவதால் கண் பழகிவிடும். புது விளக்கு மாட்டிய அன்றுதான் இத்தனை நாள் எதை இழந்தோம் என்பது தெரியும். டிவியைப் போட்டால் படம் முழு வெளிச்சத்துக்கு வர அரை நிமிடம் ஆகும். அணைத்த பிறகும் விசிறி சுழன்றுகொண்டிருக்கும்.

எல்சிடியின் குழல்விளக்குக்கு 60,000 மணி ஆயுள் என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். தினம் ஐந்து மணி நேரக் கணக்கில் அது முப்பது ஆண்டுக்கு மேல். நடைமுறையில் அதற்கு வெகுமுன்பே மின்பலகையில் கெபாசிட்டர் உப்பிப் போகும். அதை மாற்றுவது சில்லறைச் செலவு. ஆனால் தகட்டில் ஒரு விரிசல் விழுந்தால் கதை முடிந்தது. தகட்டின் விலை டிவியின் விலையை நெருங்கும். புரொஜெக்‌ஷன் பெட்டியில் விளக்கோ, வண்ணச் சக்கரமோ, விசிறியோ எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம். பழுது பார்த்துப் பத்தாண்டு ஓட்ட நினைத்தவருக்கு அன்று அது நல்ல பெட்டி. ஆண்டுதோறும் எதையாவது கவனிக்க வேண்டியிருப்பதை விரும்பாதவருக்கு எல்சிடி.

கண்ணாடிப் பாளம் தீர்த்த வழக்கு

இந்தப் போட்டியை முடித்துவைத்தது படத்தின் தரம் அல்ல, தொழிற்சாலையில் வெட்டும் கண்ணாடியின் அளவு. எல்சிடி தகடுகளை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஒரு பெரிய கண்ணாடிப் பாளத்தின் மேல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்து, பிறகு வெட்டி எடுக்கிறார்கள். பாளம் பெரிதானால் பெரிய திரையின் அடக்கவிலை குறையும். சாம்சங்கும் சோனியும் 2004-இல் கூட்டாக நிறுவிய எஸ்-எல்சிடி, தென்கொரியாவின் தாங்ஜியோங்கில் 1870-க்கு 2200 மில்லிமீட்டர் பாளத்தைப் பயன்படுத்தியது. அதிலிருந்து எட்டு 40 அங்குலத் தகடுகளோ ஆறு 46 அங்குலத் தகடுகளோ கிடைக்கும். ஜப்பானின் கமேயாமாவில் ஷார்ப் 2006-இல் தொடங்கிய இரண்டாம் ஆலையின் பாளம் 2160-க்கு 2460 மில்லிமீட்டர். அதில் எட்டு 45 அங்குலத் தகடுகள். ஒவ்வொரு புதிய ஆலையும் திறந்ததும், அதுவரை புரொஜெக்‌ஷன் டிவிக்கு மட்டுமே சாத்தியமாக இருந்த ஓர் அளவு எல்சிடியின் கைக்குப் போனது. டிஎல்பி தயாரிப்பாளர்கள் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2007-இன் கடைசிக் காலாண்டில், உலக அளவில் எல்சிடி டிவிகளின் விற்பனை பிக்சர் ட்யூப் டிவிகளையே முந்தியது.

சோனி 2007 டிசம்பரில் புரொஜெக்‌ஷன் டிவியைக் கைவிடுவதாக அறிவித்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சாம்சங்கும் ஜேவிசியும் விலகின. மனதை உறுத்துவது, குறைகள் தீரத் தொடங்கிய வேளையில் இது நடந்தது என்பதுதான். சாம்சங் 2006-இலேயே விளக்குக்குப் பதில் எல்இடி வைத்த டிஎல்பியை விற்றது. அதில் வண்ணச் சக்கரமும் இல்லை, மாற்ற வேண்டிய விளக்கும் இல்லை. மிட்சுபிஷி 2008-இல் லேசர் ஒளியில் இயங்கும் லேசர்வியூ டிவியை 65 அங்குலத்தில், 6999 டாலர் விலையில் கொண்டுவந்தது. நிறங்களின் செழுமையில் அதற்கு இணையான வீட்டு டிவி அப்போது இல்லை. மின்செலவும் அதே அளவு எல்சிடியைவிட மிகக் குறைவு. அதே பணத்தில் சுவரில் மாட்டும் பெரிய எல்சிடி கிடைக்கத் தொடங்கிய பிறகு அதை வாங்க ஆள் இல்லை. தனித்து நின்ற மிட்சுபிஷி 2011-இல் 92 அங்குலம் வரை போனது. 2012 டிசம்பரில் அதுவும் நிறுத்திக்கொண்டது.

இன்று இரண்டுக்கும் நடுவே தேர்வு என்று ஒன்று இல்லை. பழைய விற்பனையில் மலிவாக வரும் புரொஜெக்‌ஷன் டிவியை வாங்குவது வீண் வேலை: நல்ல விளக்கு கிடைப்பது அரிது, போலி விளக்குகள் சில மாதத்தில் மங்கும், நல்ல விளக்கின் விலைக்கே எல்இடி விளக்கு வைத்த பெரிய எல்சிடி வந்துவிடுகிறது. ஏற்கெனவே வைத்திருந்து, படம் நன்றாக இருந்தால், விளக்கு போகும்வரை பார்க்கலாம். அதன்பின் செலவு செய்ய வேண்டாம். கழிக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. விளக்குக்குள் பாதரசம் இருக்கிறது; அதை உடைக்காமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். திரையிலிருந்து கழற்றிய ஃபிரெனல் தகட்டை மொட்டை மாடியிலோ வாசலிலோ வெயிலில் சாத்தி வைக்கக் கூடாது. சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, எதிரே இருக்கும் மரத்தையும் துணியையும் சில நொடிகளில் பற்ற வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.